மூத்தவன் நின்ற இடம்

அவன் வாசற்படிக்கு நாலடி முன்பாகவே நின்றுவிட்டான்.

உள்ளே ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. உள்ளே சிரிப்பு. உள்ளே தம்பி செல்வின்.

கிறிஸ்துமஸுக்கென்று இவன் ஆசையாக வளர்த்த கிடா. காலையில் வாழைத்தோட்டத்துக்குப் போகும்போது மரத்தடியில் நின்றது. இப்போது கயிறு மட்டும் கிடந்தது. வேதத்தில், கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்தவன் தனக்கென்று ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்று குறைபட்டான். இவனுக்கு அந்தக் குறையும் வைக்கவில்லை. கிடாயே இவனுடையதுதான்.

ஒன்பது வருஷம். அம்மா செத்ததற்குக்கூட செல்வின் வரவில்லை. வந்துவிடுவான் என்று சாயங்காலம்வரை சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து நடுவீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

மனைவி ஜெயரோஸ் வாசலுக்கு வந்தாள்.

"மாமாதான் கிடாய அறுக்கச் சொன்னாங்க. நான் என்ன செய்ய? உள்ள வாங்க."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அப்பா உபதேசியாராக இருந்தவர். கெட்ட குமாரன் கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கித்துவிடுவார். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளையவன் திரும்பி வருவான். விருந்து நடக்கும். மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சிக் கூப்பிடுவான். அந்த இடத்தில் வேதத்தை மூடிவிடுவார்.

மூத்தவன் உள்ளே போனானா?

சொல்ல மாட்டார். உபதேசியார் ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று சபையில் பேச்சு. ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியே பார்த்தார். வேதத்திலும் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், சாப்பிடும்போது அவனே அப்பாவிடம் கேட்டான். இயேசு எதற்காகக் கதை கதையாகச் சொன்னார்? அதையும் எதற்காகப் பாதியில் விட்டார்?

"நேராச் சொன்னா தலைய ஆட்டிட்டு வீட்டுக்குப் போயிருவலே. கதைன்னா, என்னைக்காவது ஒருநாள் அதுக்குள்ள வந்து நிப்ப."

இதோ, நிற்கிறான்.

அவனுக்கு விருந்து வேண்டாம். தம்பி வந்து காலில் விழவும் வேண்டாம். அப்பா வெளியே வர வேண்டும். கதையில் வருகிற அப்பாவைப்போல இந்த நாலடியைக் கடந்து வந்து, என்கூடவே கிடந்தவன் நீதானே என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் இப்படி ஏங்குவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏங்கினான்.

அப்பாவால் வர முடியாது. இடது கையும் காலும் விழுந்து ஆறு வருஷமாகிறது. கட்டிலிலிருந்து தூக்குவது, குளிப்பாட்டுவது, சாயங்காலம் நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுவருவது எல்லாம் அவன்தான். வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் தெரியாது.

அப்பா வெளியே வர வேண்டுமென்றால், அவன்தான் உள்ளே போக வேண்டும்.

ஜன்னல் வழியாக அப்பாவின் குழறல் கேட்டது. அவன் பெயரைத்தான் சொல்கிறார். பிறகு, வாசலுக்கு, வாசலுக்கு என்கிறார்.

"நான் தூக்குதேன்ப்பா." செல்வினின் குரல்.

கட்டில் கிரீச்சிட்டது. அப்பா வலியில் அலறினார்.

"இடது தோளப் பிடிக்காதலே!"

தெருவுக்கே கேட்டிருக்கும். ஒன்பது வருஷத்தில் தம்பியிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உள்ளே சத்தம் நின்றது. அப்பாவும் அடங்கினார். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கால் செருப்பை எப்போது கழற்றினான் என்று நினைவில்லை.

மற்றது இன்னும் காலில்தான் இருந்தது.