பெயில் ஆவதற்கு ஒரு பாடம்

"இடது கால இழுடா. தூக்கி வைக்காத, இழு."

பரஞ்சோதி மறுபடியும் நடந்தான். நாலு எட்டு வைத்ததும் மறந்துபோய் நேராக நடந்துவிட்டான். ரப்பர் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

தோட்டத்துத் துரை, சப்பான்காரன் வருகிறான் என்றதும் காரேறித் தெற்கே ஓடிவிட்டார். அவருடைய பாஷையை இனி எவனும் வாயில் எடுக்கக் கூடாது என்று புது எசமான்கள் உத்தரவு போட்டார்கள். ஆனால் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் சனங்களின் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. அது இங்கிலீஷ் என்று தெரிந்தால்தானே விடுவார்கள்.

கணக்கெழுதும் கிராணி தலையாட்டினால் ரப்பர் ஷீட் பாஸ். பக்கத்து ஊரான குருணுக்குப் போய்வர வேண்டுமானால் கையில் பாஸ். பெண் பார்த்துப் பிடித்துவிட்டால் பெண்ணும் பாஸ். பக்கிரிசாமி வீட்டுக்கு வராத பாஸ் ஒன்றே ஒன்றுதான். மீசை அரும்பும் வரை பரஞ்சோதி அஞ்சாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். மகன் கிராணி ஆவான் என்று மனக்கோட்டை கட்டியிருந்தவர், ஒவ்வொரு வருசமும் அவன் முதுகில் சாத்தினார். ஒரு தடவையாவது பாஸ் ஆகிக் காட்டடா என்று கெஞ்சியும் பார்த்தார்.

இப்போது அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஓர் அர்த்தம் வந்திருந்தது. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆண் வேண்டுமாம். குருண் ஸ்டேஷன் சரக்குக் கிட்டங்கியில் சப்பான் டாக்டர் உடம்பைப் பார்ப்பான். பாஸ் ஆனவன் நேரே சாமான் ஏற்றும் ரயில் பெட்டிக்குள் போக வேண்டியதுதான். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. லயத்து வீடுகளில் அழுவதைக்கூட விட்டுவிட்டார்கள். பக்கிரிசாமியும் போன மழையில் பெண்டாட்டி காளியம்மாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளே மரம் சீவப் போனவர்தான். நெஞ்சு மரத்துப்போயிருந்தது. மகனாவது பெயிலாகி வீட்டில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"இத்தன வருசம் பெயில் ஆனவனுக்கு, இப்ப ஒரு தடவ பெயில் ஆகத் தெரியலயாடா?"

பரஞ்சோதி நின்றான். "நான் பெயில் ஆயிட்டா, நம்ம வீட்டுல அடுத்து யாரப்பா கூப்பிடுவான்?"

"அது ஒனக்கு எதுக்கு? காலப் பாரு."

அவன் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை இருவரும் குருணுக்கு நடந்தார்கள். பக்கிரிசாமியின் தோளில் ஒரு மூட்டை தொங்கியது. என்ன என்று மகன் கேட்டதற்கு, வழிக்கு மரவள்ளிக் கிழங்கு என்றார். நான் தூக்கிவருகிறேன் என்று வாங்கியவன், கையில் கனம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஸ்டேஷன் வேலியோரம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தோட்டத்துக் கிராணி சீனிவாசகம், சப்பான்காரனுக்குத் துணையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பரஞ்சோதியின் முறை வந்தது. அவன் இடது காலை இழுத்து இழுத்துப் போனான். பிறவி நொண்டி தோற்றான். இத்தனை நாள் வராத பாடம் இன்றைக்கு எப்படி வந்தது என்று பக்கிரிசாமிக்கே வியப்பு. மகன் பெயில் ஆகப்போகிறான் என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார்.

கிட்டங்கிக் கதவு மூடியது. அடுத்து நம்மைக் கூப்பிடுவான் என்று மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கிழங்கு இல்லை. அவருடைய மாற்று வேட்டியும் ஒரு போர்வையும், கொஞ்சம் புகையிலையும் இருந்தன. தான் போன பிறகு பரஞ்சோதிக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றும்படி பக்கத்து வீட்டு மருதம்மாளிடம் நேற்றே சொல்லி வைத்தாயிற்று.

கதவு திறந்து கிராணி வெளியே வந்தார். பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"நீ எதுக்குய்யா வர்ற? ஒன் வீட்டுக் கணக்கு முடிஞ்சிருச்சு. போ, வீட்டுக்குப் போ."

பக்கிரிசாமிக்கு ஒன்றும் ஓடவில்லை. மகனையும் தள்ளிவிட்டார்கள், நம்மையும் வேண்டாம் என்றுவிட்டார்களா? இப்படியும் ஒரு அதிர்ஷ்டம் உண்டா என்று கும்பிடப் போனவர், கைகள் பாதியிலேயே நிற்க, தண்டவாளப் பக்கம் பார்த்தார்.

கிட்டங்கியின் பின்வாசல் வழியாகப் பரஞ்சோதி வந்துகொண்டிருந்தான். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. ரயில் பெட்டி வரை நேராக நடந்தான். பெட்டிக்குள் ஏறுமுன் வேலிப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

"அந்த மூட்டையக் குடுப்பா, நான் பாஸ்."