ஸ்காட்லாந்துக்காரரின் சம்மதம்

சரியாகப் பதினொரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்களும் ஒன்றாக 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார்கள். கல்லூரி முதல்வர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

ஆய்வகத்தின் கடைசி வரிசையில் நின்ற செழியனின் சட்டைப் பையில் கைபேசி அதிர ஆரம்பித்தது. நிற்கவேயில்லை.

"வீட்டுலயா? எடுத்துப் பேசித் தொலைப்பா," என்றார் முதல்வர்.

"அப்புறம் பேசிக்கிறேன் சார்."

சுவரில் பேனர் தொங்கியது: 'ஒரே மணி நேரத்தில் உலக மென்பொருளுக்குக் கையேடு எழுதும் திண்டுக்கல்!' எழுத்தைவிட முதல்வரின் முகம் பெரிது.

முதல்வருக்கு இது முதல் சாதனை அல்ல. மெக்கானிக்கல் பிரிவு மலைச்சாமி செய்த தேங்காய் உரிக்கும் இயந்திரம், 'முதல்வரின் கண்டுபிடிப்பு' என்ற பலகையோடு வரவேற்பறையில் நிற்கிறது. மலைச்சாமி வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைக்கிறார்.

செழியன் ஒப்பந்த லேப் அசிஸ்டென்ட். அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் முதல்வரின் மேசை இழுப்பறைக்குள் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

இன்றைய சாதனைக்கு முதல்வர் பிடித்தது ஓர் இலவச மென்பொருள்; ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் வயல் மோட்டாரைக் கைபேசியிலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம். ஓப்பன் சோர்ஸ்; யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், உருவாக்கியவர் ஏற்றுக்கொண்டால் ஏறிவிடும். கையேடு எழுத உதவி தேவை என்று அதன் பக்கத்தில் போட்டிருந்தது. மூன்று வருடமாக ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

உருவாக்கியவரின் பெயர் அங்கே இல்லை. மேகத்தில் பாதி மறைந்த ஒரு மொட்டைப் பாறையின் படம் மட்டும்தான். அது ஸ்காட்லாந்து என்று முதல்வர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

செழியன் வரிசை வரிசையாக நடந்து திரைகளைப் பார்த்தான்.

ஒருவன் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தான். நாற்பது பேர் கையேட்டின் அடியில் முதல்வருக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

யோகேஷ் என்ற மாணவனின் திரைக்கு முன்னால் நின்றுவிட்டான். 'மெயின் ஸ்விட்சை அணைக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்' என்ற வரியை, படிக்க நீளமாக இருக்கிறதென்று அவன் எடுத்தே விட்டிருந்தான்.

கீரனூரில் பெருமாள்சாமி என்று ஒரு எலக்ட்ரீசியன். வாய்க்கால் ஈரத்தில் நின்றபடி அந்தக் கையேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பெட்டி மாட்டுகிறார். செழியனுக்குத் தெரியும்.

"அந்த வரியத் திரும்பப் போடுடா."

"அனுப்பியாச்சு சார். ஸ்காட்லாந்துக்காரரு பாத்துக்குவாரு."

சாதனைகளைப் பதிவு செய்யும் நிறுவனத்திலிருந்து கோட்டுப் போட்டு வந்திருந்த ஆள் விதியை வாசித்தார். பன்னிரண்டு மணிக்குள் அத்தனையும் ஏற்கப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாதனை இல்லை. மூன்று மாதம் ஓர் எழுத்து மாறாமல் இருந்தால்தான் சான்றிதழ்.

பதினொன்றே முக்கால் ஆகியும் ஒன்றுகூட ஏறவில்லை.

"என்னப்பா, அங்க இன்னும் விடியலையா?" முதல்வர் செழியனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். "அந்தத் தொரைக்கு ஒரு மெயில் போடு. பவ்யமா எழுது. பன்னெண்டுக்குள்ள அம்புட்டும் ஏறல, ஜூன்ல நீ வேற எடம் பாத்துக்க."

செழியன் தட்டச்சு செய்தான். முதல்வர் பின்னால் நின்று மூன்று இடங்களில் 'தாழ்மையுடன்' சேர்க்கச் சொன்னார். ஓர் இடத்தில் 'தங்களைப் போன்ற மேதை' வந்தது. அதையும் செழியன் தன் கையாலேயே அடித்தான்.

அனுப்பினான்.

சட்டைப் பை ஒரே ஒரு முறை அதிர்ந்தது.

செழியன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். வெளியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்த அதே சரிவு, அதே கோணம். அவன் படம் எடுத்த அன்று மழை, அதனால் மேகம்.

முதல்வர் தோளுக்கு மேலாகக் குனிந்தார். "தொர பதில் போட்டாரா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"மெயிலப் பாத்துட்டாரு சார்," என்றான் செழியன். "யோசிச்சுக்கிட்டு இருக்காரு."