இன்னும் வாங்காத கம்ப்யூட்டர்

"கேம் விளையாட நானே பார்ட்ஸ் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். இதுதான் மொத தடவை" என்றான் இசக்கித்துரை. சிரித்துவிடுவாளோ என்று பயந்தான்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வேல்விழி நிமிர்ந்தாள். "என்ன கிராபிக்ஸ் கார்டு போடுதீங்க?"

சொன்னான். பவர் சப்ளை மட்டும் சாதாரணமானது போதும் என்று நினைப்பதையும் சொன்னான்.

"நல்லாருக்கே! கார்டைப் பெருசாப் போட்டுட்டு பவர் சப்ளையில கஞ்சத்தனமா? நம்ம சங்கரன்கோவில்ல கரண்டு வந்து வந்து போவுது. அம்புட்டும் புகைஞ்சிரும். முதல்ல அதை நல்லதா வாங்குங்க. பொட்டிக்குள்ள லைட்டு மினுக்குத ஃபேனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவனுக்கு உயிர் வந்தது. "சரிங்க. கையில பிடிச்சு விளையாடுத கன்ட்ரோலர் ஒண்ணு போதும். கூட விளையாட ஆளில்ல."

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. அவளுடைய அப்பா சண்முகையா எட்டிப் பார்த்தார்.

"தனியாப் பேசுனது போதும் தாயி. பொண்ணு பாக்க வந்தவுக எல்லாரும் கூடத்துல காத்துட்டிருக்காவ. என்ன பதில் சொல்ல?"

வேல்விழி எழுந்தாள். இசக்கித்துரையின் பக்கம் திரும்பினாள்.

"கன்ட்ரோலரை ரெண்டா வாங்கிருங்க."