நுரை அடங்கும் வரை

கடைசி வரிசைக் கூண்டுகளில் எதுவும் அசையவில்லை.

முதல் வரிசை எலிகள் தீவனத்தைக் கொறித்துக்கொண்டிருந்தன. மருந்தே வயிற்றுக்குள் போகாதவை போல.

அவன் மேசைப் பக்கம் திரும்பினான்.

புட்டியில் மிச்சம் இருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். அடியில் வெள்ளையாக ஒரு படிவு.

செண்பகாவின் மருந்து நீரில் கரையாது. அதைக் கஞ்சிப் பதத்தில் மிதக்கவிட்டு எலிகளுக்கு ஊட்டுவது அவன் வேலை. கெட்டியாக்கும் மாவை வெந்நீரில் தூவி, பனிக்கட்டி நடுவே வைத்துக் கிளற வேண்டும். குளிரக் குளிரத்தான் இறுகும். மருந்துத் தூள் நனைவதற்குச் சோப்பு போன்ற திரவம் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு குலுக்கக் கூடாது. நுரைத்துவிடும், அளவு தப்பும். இங்கே யாரும் குலுக்குவதில்லை.

காலையில் பனிக்கட்டி வரத் தாமதம். இவ்வளவு குளிர்ந்தால் போதும் என்று நினைத்துவிட்டான்.

முதல் கூண்டுகளுக்குப் போனது வெறும் தண்ணீர்.

அடியில் இறங்கியதெல்லாம் கடைசிக் கூண்டுகளுக்கு.

இன்னொரு தவறு என்றால் வேலை இல்லை என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார்கள்.

கதவு திறந்தது. செண்பகா. படிப்பு முடித்ததிலிருந்து இந்த மருந்து ஒன்றையே செய்துகொண்டிருப்பவள். மதியம் அவன் டப்பாவில் பாதியைத் தின்பவள்.

கூண்டுகள் முன் குனிந்தாள். நிமிரவில்லை.

"டைரக்டர்கிட்டப் பேசிட்டேன். விஷம்னா விஷம்தாம்மா, இந்த மருந்த இதோட மூடிருங்கிறாரு."

புட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எடுத்தான்.

குலுக்கினான்.

பாலாய் வெளுத்தது.

"கஞ்சி மாஸ்டர்."

எப்போதும் அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

"பதமாத்தானடா இருந்துச்சு?"

"நீயே பாரேன்."

நீட்டினான். வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

புட்டியின் கழுத்து வரை நுரை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. புட்டியை மேசைமேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் புட்டியின் எதிரே உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் எலிகள் கொறிக்கும் சத்தம்.

நுரை குமிழ் குமிழாக உடைந்து அடங்கியது.

அதன் கீழே, நூலளவுக்கு, தண்ணீர் தெளியத் தொடங்கியது.