கழுத்தளவு இங்கிலீஷ்

கத்தி புரொபசரின் தொண்டைக்குழியில் வந்து நின்றது. சலூன்காரர் குனிந்து அவர் கண்ணை உற்றுப் பார்த்தார்.

“யுவர் நெக் இஸ் வெரி டெலிஷியஸ். சரியா சார்?”

“வெ... வெரி குட்,” என்றார் புரொபசர், உதடு அசையாமல்.

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டெலிஷியஸ் என்றால் சுவையான, இனிமையான என்று அகராதியில் ரெண்டு அர்த்தம் போட்டிருந்தது. சாப்பாட்டுக்கடைக்காரன் முதலாவதை எடுத்துக்கொள்ளட்டும்; இவருக்கு ரெண்டாவது போதும்.

சொகுசுக் கப்பல் ஒன்றில் சலூன் வேலை காலியாக இருந்தது. அதில் ஏறிவிட்டால் குடும்பம் கரையேறிவிடும். ஆனால் பயணிகளிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். அதனால் தினமும் நாலு வார்த்தையை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, நாற்காலியில் வந்து சிக்குகிறவர்களிடம் பழகிப் பார்த்தார்.

அதிலும் புரொபசர் வந்தால் கொண்டாட்டம்தான். ஆள் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கக்கத்தில் எப்போதும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் இருக்கும். அதைப் பார்த்துத் தெருவே கொடுத்த பட்டம் அது.

“நவ் ஐ வில் டெமாலிஷ் யுவர் ஃபேஸ். டெமாலிஷ்னா சுத்தமா அகற்றுறது. சரியா சார்?”

“வெரி வெரி குட்!”

கத்தி கிண்ணத்துக்குப் போனதும் புரொபசர் தமிழுக்கு வந்துவிட்டார். “சீக்கிரம் முடிப்பா, வீட்ல தேடுவாங்க.”

கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்கு மட்டும் சந்தேகம். “ஏங்க, ஒரு நாளாவது அந்த மனுஷன் உங்களைத் திருத்தியிருக்காரா?”

“தப்பு இருந்தாத்தானே திருத்துறதுக்கு? போடி, பொறாமை புடிச்சவளே!”

இன்டர்வியூ நாள் வந்தது. கப்பல் கம்பெனி மேனேஜர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஷேவ் பண்ணிக்கிட்டே இங்கிலீஷ்ல பேசுங்க. ரெண்டையும் ஒண்ணாப் பார்த்துடலாம்.”

சலூன்காரர் பிய்த்து உதறிவிட்டார். கழுத்து டெலிஷியஸ் என்றார். முகத்தை டெமாலிஷ் பண்ணப்போவதாகத் தெரிவித்தார். மேனேஜரின் கண் அகல அகல, இவருக்கும் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் குரல்வளையில் ஓர் இழுப்பு இழுத்து நிறுத்தி, “ஐ ஆம் செலக்டட். சரியா சார்?” என்றார்.

“செலக்டட்! செலக்டட்!” என்று கத்திய மேனேஜர், கத்தி கொஞ்சம் விலகியதும் முகத்து நுரையோடு அறையை விட்டு ஓடினார். பெரிய ஆபீசர், ஆயிரம் வேலை இருக்கும். பாவம், கோட்டைக்கூட மறந்துவிட்டார்.

அன்றைக்கே கடையைக் காலி செய்வதாகக் கட்டடக்காரரிடம் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் அந்த இடத்தில் செருப்புக்கடை வரப்போகிறது. கப்பல் கம்பெனியிலிருந்து ஆர்டர்தான் இன்னும் வந்தபாடில்லை.

புரொபசருக்குக் கடைசி ஷேவிங். கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சலூன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“எல்லாம் உங்க புண்ணியம் சார். நீங்க ஒவ்வொரு தடவையும் வெரி குட் சொல்லலேன்னா, எனக்கு அந்த தைரியமே வந்திருக்காது. நான் கேட்டதுக்கெல்லாம் உங்களை மாதிரியேதான் சார், அந்த மேனேஜரும் தலையாட்டினாரு!”

புரொபசர் கத்தி இருக்கும் இடத்தை ஒரு முறை பார்த்தார். கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார். வாசலைத் தாண்டி, செருப்பையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

“எனக்கு இங்கிலீஷ்ல ஏபிசிடிகூடத் தெரியாதுப்பா. கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு ‘சரியா’ன்னு கேட்டா, எந்த மனுஷன்தான் இல்லேம்பான்?”