குணமான பிள்ளைக்கு இடமில்லை

யாழிசை புற்றுநோய் வார்டில் கிடந்த வரைக்கும், பள்ளி அனுப்பிய ரோபோதான் அவளுக்குப் பாடம் நடத்தியது. குணமானதும் அம்மா சுகந்தி மகளுக்குச் சீருடை போட்டு, ரோபோவையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

தலைமையாசிரியர் சிறுமியின் மொட்டைத் தலையைப் பார்த்தார். விளம்பரப் பலகைக்குப் பழகிய சிரிப்பொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எதுக்கும்மா சிரமம்? ரோபோதான் நல்லா நடத்துதே, இனி வீட்லயே படிக்கட்டும். பாப்பாவப் பாத்தா மத்த பசங்க பயந்துடுவாங்க."

"முடியாம கிடந்தப்ப உங்க டீச்சர் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. இப்ப நல்லாயிட்டா, அதுவும் உங்களுக்குப் பொறுக்கல."

சுகந்தி ரோபோவை அவர் மேசைமேல் வைத்து சுவிட்சைத் தட்டினாள்.

"வணக்கம்! இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று அது அவரை விசாரித்தது.

"பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு இதுகிட்ட கத்துக்குங்க சார்" என்ற சுகந்தி, மகளை நேரே ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துப்போய் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள்.