கிராம் சார்

நாற்பத்தாறு கிலோ ஐநூறு கிராம்.

போன வாரத்தைவிட முந்நூறு கிராம் கூடுதல். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல அப்பா எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தார். அம்மா பின்னால் நின்று அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்திருந்தாள். விட்டால் சாய்ந்துவிடுவாராம்.

ஞாயிற்றுக்கிழமை பல் தேய்த்ததும் எங்கள் வீட்டில் இதுதான் முதல் வேலை. வருகிற எண்ணை நான் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கில் குழாய் விட்டுத்தான் சாப்பாடு என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நாற்பத்தைந்துதான் எமன்.

அல்சைமர் வந்தால் ஞாபகம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். பசியும் கூடவே போகுமாம். போதாக்குறைக்கு அப்பா நாள் முழுக்க ஹாலுக்கும் சமையலறைக்கும் நடை போடுகிறார். உள்ளே போவது நாலு கவளம், நடப்பது நாலு மைல்.

அம்மா ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். யாரோ ஒரு பொம்பளை தட்டோடு துரத்துகிறாள் என்று என்னிடம் வந்து புகார் சொல்வார்.

சாப்பாட்டுச் சண்டை ஒன்றும் புதிதில்லை. அப்பா லாரி எடை மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். லோடு வண்டி மேடையில் ஏறிவிட்டால் யாரும் அதில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, விரல்கூடப் படக் கூடாது. பழைய இரும்பு வண்டியில் கிளீனர் ஒளிந்துகொண்டால் இரும்போடு சேர்த்து அவனுக்கும் விலை கிடைத்துவிடுமே. ஆனால் அப்பாவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் கிராம் சார்.

பிடிபட்டவரைத் திட்டவும் மாட்டார். பக்கத்தில் உட்காரவைத்து, டீயும் பன்னும் வரவழைத்து, கூடவே தானும் சாப்பிட்டுவிட்டு, மறுபடி எடை போடுவார். வீட்டுக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும். என் சமையல் இறங்காது, டிரைவரோடு உட்கார்ந்தால் மட்டும் இறங்கும் என்று அம்மா பாத்திரங்களிடம் முறையிடுவாள்.

நான் சந்தோஷமாகப் போனில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாரமாக எடை ஏறுகிறது. அதே நாலு வாரத்தில் அப்பாவின் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் மூளை எப்போதுமே கொஞ்சம் நிதானம்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே, கறாராகச் சொன்னார்.

"வண்டியில இருந்து கையை எடுப்பா. தள்ளி நில்லு."

அம்மா அசையவில்லை. பிறகு அவள் கைகள் மெல்ல விலகின.

நாற்பத்து மூன்று எண்ணூறு.

நாலு வாரமாக அவள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அழுத்திக்கொண்டிருந்தாள்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அப்பா மெஷினை விட்டு இறங்கி, அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். குரல் தணிந்தது.

"சரி, பயப்படாத. உட்காரு. ஒரு டீ குடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். சொந்தச் சமையலறையில் அம்மா திருட்டு முழியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வீட்டில் பன் இல்லை. டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தேன்.

அம்மா ஒரு துண்டை எடுத்தாள். வந்தவரைத் தனியாகச் சாப்பிடவிட்டால் மரியாதையா? அப்பாவும் ஒன்றை எடுத்தார். எந்த ரோடு மோசம், எந்த டயர் தாங்கும் என்று விசாரித்தார். ஜன்மத்தில் சைக்கிள்கூட ஓட்டாத அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பேச்சுவாக்கில் அவர் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டார்.

டாக்டருக்கு உண்மையான எண்ணையே அனுப்பினேன். கூடவே ஒரு வாரம் கேட்டேன். அடுத்த ஞாயிறு வரை பார்க்கலாம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது.

போய்க் கதவைத் திறந்தால், அம்மா. பின்கதவு வழியாகப் போய் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மேலே என் காக்கிச் சட்டை, தலையில் என் பழைய தொப்பி. நாற்பது வருஷம் அப்பாவுக்குப் பெண்டாட்டியாக இருந்தவள். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், என் தோளுக்கு அப்பால் உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"கிராம் சார் இருக்காருங்களா? லோடு வந்திருக்கு."

அப்பா என்னை இரண்டு தட்டு எடுத்துவைக்கச் சொன்னார்.